எரிமலை ஹம்மிங்பேர்ட் டூர்: கைடுக்கு அஞ்சு ஸ்டார், டூர் கம்பெனிக்கு மூணு

கோஸ்டா ரிக்கால செர்ரோ டெ லா முயெர்த்தே மலைக்கு அரைநாள் ஹம்மிங்பேர்ட் டூர் புக் பண்றவங்க மொதல்ல ஒண்ணு கேட்டுக்கோங்க, பறவைக்கு சர்க்கரைத் தண்ணி வைக்கிற ஃபீடர் முன்னாடி உக்கார வைப்பீங்களா இல்ல புதர்ப் பக்கம் நடத்திக் கூட்டிட்டுப் போவீங்களான்னு. நான் கேக்காம புக் பண்ணிட்டேன். வேன் வந்ததே முக்கால் மணி நேரம் லேட், அப்புறம் ஒரு மணி நேரம் லாட்ஜ் பால்கனில ஃபீடர வேடிக்கை பாத்தோம்.

அங்க ராஜ்யம் பூரா நெருப்புத் தொண்டை ஹம்மிங்பேர்ட் தான். அழகு தான், இல்லைன்னு சொல்லல, ஆனா நான் பாக்க வந்த எரிமலை ஹம்மிங்பேர்ட் ஏழரை சென்டிமீட்டர், ரெண்டரை கிராம், நெருப்புத் தொண்டை அது மாதிரி ரெண்டு மடங்கு எடை. பாவம், ஒரு தடவ எட்டிப் பாத்துச்சு, உடனே துரத்திவிட்டுட்டானுங்க.

அப்புறம் கைடு மேல ஆன்டெனா டவர் இருக்குற பக்கம் கூட்டிட்டுப் போனாரு, உயரம் 3,400 மீட்டருக்கு மேல, நாலு அடி வச்சா மூச்சு வாங்குது, விரல்லாம் வெறச்சுப் போச்சு. அங்க தான் குடுத்த காசுக்கு வேலை நடந்துச்சு. பட்ட குச்சி நுனில ஆண் ஒண்ணு உக்காந்திருந்துச்சு, நான் தட்டான்னே நெனச்சேன். தொண்டை கருப்பா இருக்கேன்னு பாத்தா, தலைய லேசா திருப்புச்சு, சாம்பல் கலந்த ஊதா அப்படியே மின்னி அணைஞ்சுது. இதே இனம் போவாஸ் எரிமலைப் பக்கம் ரோஸ் கலந்த செவப்புத் தொண்டையோட இருக்குமாம். ஸ்பானிஷ்ல இதுக்குப் பேரு சிஸ்பீத்தா, குட்டித் தீப்பொறின்னு அர்த்தம், பேரு வச்சவன் கண்டிப்பா இத வெயில்ல பாத்திருக்கான்.

ஆனா எனக்கு ரொம்பப் புடிச்சது பொண்ணு தான். நீளக் குழல் மாதிரி ஒரு செவப்புப் பூ, அந்த ஆழத்துக்கு இவ அலகு எட்டாது. இவ பூவோட வாய்ப் பக்கமே போகல, நேரா அடிப்பக்கம் வந்து ஒரு பொத்தல்ல அலக விட்டு உறிஞ்சிட்டுப் போயிட்டா. அலகு நுனி கொக்கியா வளைஞ்ச வேற ஒரு குருவியும் பெரிய வண்டுத்தேனீயும் போடுற ஓட்டையாம் அது, யாரோ போட்ட ஓட்டைல இவ திருடுறா. கூடு கட்டுறது, ரெண்டு முட்டைய அடைகாக்குறது, குஞ்சுக்கு இரை குடுக்குறது எல்லாம் தனி ஆளா செய்யுறா, ஆண் எட்டிக்கூட பாக்காது, அதனால திருடட்டும் விடுங்க.

இந்தக் குளிர்ல ராத்திரி எப்படித் தாங்குதுன்னு கேட்டேன். உடம்புச் சூட்ட இறக்கி, பாதி செத்த மாதிரி கெடந்து, விடிஞ்சதும் நடுங்கி நடுங்கி சூடேத்திக்கும்னு சொன்னாரு, இதெல்லாம் ஃபீடர் முன்னாடி உக்காந்தா யாரும் சொல்ல மாட்டாங்க.

கொறைன்னா ஆறு பேருக்கு ஒரே டெலஸ்கோப், என் முறை வர்றதுக்குள்ள ரெண்டு தடவ பறந்துடுச்சு. கம்பெனி குடுத்த ரெயின்கோட்டும் தோள்ல கிழிசல். மதியத்துக்கு மேல மேகம் எறங்கி ஒண்ணும் தெரியல, அதனால காலை டூரே எடுங்க, கையுறை மறக்காதீங்க, டிப்ஸுக்குக் கொஞ்சம் கொலோன் (அந்த ஊர்க் காசு) சில்லறையா வச்சுக்கோங்க.