பழைய கார் ஸ்டியரிங் ஆட்டம்: இறுக்குவதா, மாற்றுவதா?

எங்கள் பழைய மாருதி 800-இல் ஸ்டியரிங் ஆட (லேசாகத் திருப்பினால் சக்கரம் திரும்பாமல் வெறுமனே அசைய) ஆரம்பித்ததும் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். ரேக்கில் (ஸ்டியரிங்கைத் திருப்பினால் இடமும் வலமும் நகர்ந்து சக்கரத்தைத் திருப்புகிற பல் வைத்த தண்டு) இருக்கிற அட்ஜஸ்ட்மெண்ட் ஸ்குருவை இறுக்கு, டை ராட் எண்டை (ரேக்கிலிருந்து வருகிற கம்பியைச் சக்கரத்தோடு சேர்க்கிற மூட்டு) மாற்று, ரேக்கையே மாற்று.

இறுக்குவதற்குச் செலவே இல்லை, அதனால் முதலில் அதைத்தான் செய்தேன். சேலம் அஸ்தம்பட்டி வரை அருமையாக இருந்தது. ஏற்காடு ஏறும்போதுதான் வினை தெரிந்தது. கொண்டை ஊசி வளைவில் முழுசாக ஒடித்துவிட்டுக் கையைத் தளர்த்தினால் ஸ்டியரிங் தானாகத் திரும்பவில்லை, நானே இழுத்து நேராக்க வேண்டியிருந்தது, அப்படி 20 வளைவு! வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால் ரேக்கின் நடுப் பற்கள்தான் அதிகம் தேயும், ஓரப் பற்கள் அவ்வளவாகத் தேயாது. நடுவில் ஆட்டம் நிற்கும்வரை இறுக்கினால் ஓரத்தில் போய்ப் பிடித்துக்கொள்ளும். மலையேறுகிற வண்டிக்கு இது ஆகவே ஆகாது. மறுநாளே பழையபடி தளர்த்திவிட்டேன்.

அப்புறம்தான் ஆட்டம் எங்கே என்று தேடினேன். நால்சக்கரமும் தரையில் இருக்க, மச்சானை உட்கார வைத்து ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் லேசாக அசைக்கச் சொல்லி, ஒவ்வொரு ஜாயிண்டாகக் கை வைத்துப் பார்த்தேன். ஜாயிண்டின் ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் அசையாமல் நிற்கிற இடம்தான் தேய்ந்த இடம். எங்களுக்கு இடது டை ராட் எண்ட், அதன் ரப்பர் கிழிந்து கிரீஸ் போய் மண் ஏறியிருந்தது. ஸ்டியரிங் ராடு ரேக்கில் சேர்கிற இடத்து போல்ட்டையும் பாருங்கள், அது தளர்ந்திருந்தாலும் இதே ஆட்டம்தான்.

டை ராட் எண்ட் விலை ரேக்கின் விலைக்குப் பக்கத்திலேயே வராது. நான் இரண்டு பக்கமும் மாற்றினேன், முக்கால்வாசி ஆட்டம் போய்விட்டது.

ரேக் மாற்றுவது கடைசி வழி. உள்ளே புஷ் (ரேக்கைத் தாங்குகிற வளையம்) மட்டும் போயிருந்தால் புஷ் மாற்றினால் போதும், பல் தேய்ந்திருந்தால் புது ரேக்தான். பழைய இரும்புக் கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று எடுக்காதீர்கள், அதற்கும் நடுப் பல் தேய்ந்துதானே இருக்கும்.

எதை மாற்றினாலும் வீல் அலைன்மெண்ட் பார்த்துவிட்டுத்தான் மலை ஏறுங்கள். நான் இரண்டு நாள் தள்ளிப்போட்டேன், அதற்குள் வண்டி ஒரு பக்கமாக இழுத்தது.