மோட்டார் கரண்டை அலசிப் பழுது பிடிப்பது: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

ஏற்பாடு ரொம்பச் சின்னது. பேனலில் ஒரு ஃபேஸ் வயரில் கிளாம்ப் சென்சார், அதிலிருந்து சிக்னலைப் பதிவு செய்ய ஒரு யூ.எஸ்.பி. கார்டு, லேப்டாப்பில் எஃப்.எஃப்.டி. போட, அதாவது சிக்னலில் எந்தெந்த அதிர்வெண் எவ்வளவு இருக்கிறது என்று பிரித்துக் காட்ட, ஒரு பைத்தான் நிரல். மோட்டாரை நிறுத்தவோ கழற்றவோ வேண்டாம். நூற்பும் சாயமும் சேர்ந்த ஆலையின் மெயின்டனன்ஸில் சில வருடமாக இதைப் பயன்படுத்துகிறேன். ரோட்டார் பார் (மோட்டாரின் சுழலும் பகுதியில் இருக்கும் உலோகக் கம்பி) உடைவைப் பிடிக்க இதைவிட நல்ல வழி என் கைக்கு வந்ததில்லை. பேரிங்குக்கு இதை மட்டும் நம்பாதீர்கள்.

ரோட்டாரில் ஒரு பார் விட்டுப்போனால் கரண்டில் 50 ஹெர்ட்ஸின் இரு பக்கமும் இரண்டு சின்ன முனைகள் எழும். எவ்வளவு தள்ளி என்பதை ஸ்லிப், அதாவது காந்தப்புலத்தின் வேகத்தைவிட ரோட்டார் எத்தனை பங்கு பின்தங்குகிறது என்பது, சொல்லும்: 2 × ஸ்லிப் × 50. 4 போல் மோட்டாரில் காந்தப்புலம் சுற்றுவது 1,500 ஆர்.பி.எம்.; ரோட்டார் 1,470-ல் ஓடினால் ஸ்லிப் 2 சதவீதம்; முனைகள் 48, 52 ஹெர்ட்ஸில் வரும். ஆரோக்கியமான ரோட்டாரில் இவை 50 ஹெர்ட்ஸ் மெயின் முனையைவிட 55, 60 டெசிபெல் கீழே கிடக்கும். ஆலைக் காற்றில் ஈரப்பதம் காக்கும் ஹியூமிடிஃபிகேஷன் பிளாண்டின் ஒரு ஃபேன் மோட்டாரில் 48 ஹெர்ட்ஸ் முனை 38 டெசிபெல் கீழே என்ற அளவுக்கு ஏறிவிட்டது. அதாவது மெயின் கரண்டில் சுமார் எண்பதில் ஒரு பங்கு. கிளாம்ப் மீட்டரில் மூன்று ஃபேஸும் ஒரே அளவு, சத்தமும் வழக்கம்போலத்தான். வாராந்திர விடுமுறையில் கழற்றி, காயில் கட்டும் பட்டறையில் ரோட்டாரை க்ரௌலரில் (பார்களில் கரண்டைத் தூண்டும் மின்காந்தக் கருவி) வைத்து இரும்புத்தூள் தூவினார்கள். தூள் பார் பாராக வரி பிடித்து நின்றது; ஒரு பாரில் மட்டும் ஒட்டவே இல்லை. பட்டறை அண்ணன் அந்த வெற்று வரியை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “ஸ்டார்ட்டிங்ல திணறிச்சா?” என்று மட்டும் கேட்டார்.

லோடு இல்லாமல் இந்தச் சோதனை செய்து பயனில்லை. ஸ்லிப் பூஜ்யத்தை ஒட்டி இருக்கும்போது இரண்டு முனைகளும் 50-க்குள் மறைந்துவிடும். பாதி லோடாவது வேண்டும். பதிவும் நீளமாக வேண்டும்: 10 விநாடி பதிவு செய்தால்தான் 0.1 ஹெர்ட்ஸ் அளவுக்குப் பிரித்துப் பார்க்கலாம்.

எனக்கு அதிகம் சோறு போட்டது கணித மாடல்தான். நோ-லோடு டெஸ்ட் (சுமையில்லாமல் ஓடவிட்டு), பிளாக்டு ரோட்டார் டெஸ்ட் (ரோட்டாரைச் சுற்றவிடாமல் பிடித்து) எடுத்து, எதிர்ப்பு, ரியாக்டன்ஸ் மதிப்புகளைக் கணக்கிட்டு, டி-க்யூ சமன்பாடுகளை (மூன்று ஃபேஸை இரண்டு அச்சாகச் சுருக்கி மோட்டாரை விவரிப்பவை) பைத்தானின் கணித நூலகமான சைபையில் ஓடவிடுவேன். ஒரு ரோட்டார் ஃபேஸின் எதிர்ப்பைக் கொஞ்சம் கூட்டினால் போதும், திரையில் பழுது வந்துவிடும். கீழ் முனை ரோட்டாரின் சமனின்மையால் வருவது. மேல் முனை அதனால் வேகம் ஆடுவதால் வருவது. கனமான ஃபேன் மாட்டியிருந்தால் வேகம் அவ்வளவாக ஆடாது, அதனால் 52 சின்னதாகவே நிற்கும். இது தெரியாதவர் மேல் முனையைப் பார்த்துவிட்டு ‘ஒன்றுமில்லை’ என்று போய்விடுவார்.

மாடல் கற்றுக்கொடுத்த இன்னொன்று, எதற்குப் பயப்பட வேண்டாம் என்பது. சாயப் பிரிவில் ஒரு கலக்கியின் மோட்டார், 1:12 கியர்பாக்ஸ். கலக்கித் தண்டு நிமிடத்துக்கு 122 சுற்று, அதாவது ஏறக்குறைய 2 ஹெர்ட்ஸ். அந்த ஆட்டமும் கரண்டில் 48, 52 என்றே விழும், அச்சு அசல் உடைந்த பார் மாதிரி. தொட்டியைப் பாதியாக்கியதும் மோட்டார் 1,482-க்கு ஏறியது. ரோட்டார் பழுது என்றால் முனைகள் 48.8, 51.2-க்கு நகர வேண்டும். இவை அங்கேயே நின்றன. மோட்டாரைக் கழற்றவில்லை.

பேரிங் கதை வேறு. 6205 பேரிங்கில் வெளி வளையப் பழுதின் அதிர்வெண் சுழற்சியைப்போல் சுமார் 3.58 மடங்கு; 1,470-ல் 88 ஹெர்ட்ஸ் பக்கம். அதிர்வு மீட்டரில் பளிச்சென்று தெரிவது, கரண்டில் இரைச்சலுக்குள் அமுங்கிப்போகிறது. வேகத்தை மாற்றும் இன்வெர்ட்டரில் ஓடும் மோட்டார் என்றால் இன்னும் மோசம். பேரிங்குக்கு அதிர்வை அளக்கும் ஆக்ஸிலரோமீட்டர் சென்சார் வாங்குங்கள். 100 ஹெர்ட்ஸ் அதிர்வு கண்டால் சப்ளையைத் துண்டித்துப் பாருங்கள். அந்த நொடியே விழுந்தால் கோளாறு மின்சார வகை, வேகம் குறையக் குறைய விழுந்தால் மெக்கானிக்கல்.

மெஷின் லர்னிங் ஆசையும் எட்டிப் பார்த்தது. எடுத்தது எல்லோரும் எடுக்கும், அமெரிக்காவின் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தின் பேரிங் அதிர்வுத் தரவுதான். அதில் பேரிங்குகளில் மின்பொறி அரிப்பால் வேண்டுமென்றே போட்ட பள்ளங்கள், 0.18 மி.மீ.யிலிருந்து. பயிற்சி முடிந்ததும் துல்லியம் நூறை ஒட்டி வந்தது. எங்கள் தளத்தில் நல்ல பேரிங்கையே பழுது என்றது. ஆய்வுக் கட்டுரைக்கு அழகு, ஷாப் ஃப்ளோருக்கு இன்னும் இல்லை.

வாங்குபவர்களுக்கு ஒன்று: பெரிய கிளாம்ப் வேண்டாம். பேனலில் அம்மீட்டருக்குப் போகும் சி.டி. (பெரிய கரண்டைச் சிறிதாக்கிக் கொடுக்கும் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) செகண்டரி வயரில் மாட்ட 10 ஆம்பியர் கிளாம்ப் போதும், சிக்னலும் சுத்தமாக வரும். அந்த வயரை மட்டும் லோடு ஓடும்போது எக்காரணம் கொண்டும் கழற்றாதீர்கள், சி.டி.யில் அபாயகரமான வோல்டேஜ் ஏறிவிடும். காயில் இன்சுலேஷனுக்குப் இன்சுலேஷன் எதிர்ப்பை அளக்கும் பழைய 500 வோல்ட் மெகரேதான்.