ஏழு மீட்டரா, ஐந்து மீட்டரா? வட ஸ்பெயினுக்கு இரண்டு பேர் போக எந்த வண்டி

பில்பாவோவில் தொடங்கி, கடலோரமாகவே மேற்கே கலீசியா வரைக்கும் நானும் என் கணவரும் இரண்டு தடவை போய் வந்துவிட்டோம். முதல் தடவை விமானத்தில் பில்பாவோ போய், அங்கேயே ஏழு மீட்டர் நீள மோட்டார்ஹோம், அதாவது வீடு போல உள்ளேயே எல்லாம் இருக்கும் பெரிய வண்டி, ஒன்றைப் பன்னிரண்டு நாளுக்கு வாடகைக்கு எடுத்தோம். இரண்டாவது தடவை, நாங்களே பழையதாக வாங்கிய ஃபோக்ஸ்வாகன் கேம்பர்வேன், கூரையைத் தூக்கிவிட்டால் மேலே ஒரு படுக்கை வருமே அந்த வகை, அதை இங்கிலாந்தின் பிளிமத்தில் கப்பலேற்றி ஸ்பெயினின் சான்டான்டரில் இறக்கி மூன்று வாரம் சுற்றினோம். நண்பர்கள் யாராவது இந்தப் பயணத்துக்குக் கிளம்பினால் எந்த வண்டி எடுக்கலாம் என்று என்னைத்தான் கேட்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்ததால் இங்கே எழுதிவிடுகிறேன். நான் எந்தப் பக்கம் என்பதை மறைக்கவில்லை, சின்ன வண்டி பக்கம்தான். அதற்காகப் பெரிய வண்டி வென்ற இடங்களை விட்டுவிடப் போவதும் இல்லை.

முதலில் மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது, அதை ஒரே மூச்சில் முடித்துவிடலாம். சாதாரணக் கார், ராத்திரிக்கு ஊருக்கு ஒரு அறை. நிறைய பேருக்கு அதுதான் சரி, ஒருவேளை செலவும் குறையும். எங்களுக்கு ஒத்துவராததற்குக் காரணம் சாப்பாடு. அவர் சைவம். வட ஸ்பெயினில் இறைச்சி வேண்டாம் என்று சொல்லி ஒரு சாலட் கேட்டால், மேலே சூரை மீனை உதிர்த்துப் போட்டு ஒரு தட்டு வரும், பரிமாறியவர் முகத்தில் துளிக் குற்ற உணர்வும் இருக்காது. அஸ்தூரியாஸ் மாகாணத்தின் பெரிய வெள்ளைப் பயறைப் போட்டுச் செய்யும் ஃபபாதா பார்க்க நம் மொச்சைக் குழம்பு போல ஆசை காட்டும், கரண்டியை விட்டால் பன்றிக் கொழுப்பும் இரத்தக் குழல்கறியும் வரும். அதே பயறைச் சந்தையில் கிலோ கணக்கில் வாங்கி வந்து நாமே வைத்தால் பிரச்சினை தீர்ந்தது. பாஸ்க் பக்கத்தில் இபார்ரா என்ற ஊரின் பச்சை மிளகாயை வினிகரில் ஊறவைத்துப் புட்டியில் விற்கிறார்கள், காரம் கொஞ்சம்தான், ஆனால் தயிர் சாதத்துக்கு அதைவிட நல்ல துணை அந்த நாட்டில் எனக்குக் கிடைக்கவில்லை. ஆகவே அடுப்போடு கூடிய வண்டி என்பது முடிவாகிவிட்டது. அது எத்தனை மீட்டர் என்பதுதான் கேள்வி.

எல்லோருக்கும் தெரிந்ததைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். பெரியதில் கழிப்பறை, குளியல், எழுந்து நடமாட இடம், எப்போதும் போட்டபடி இருக்கும் படுக்கை எல்லாம் உண்டு. சின்னதில் இதில் எதுவும் கிடையாது. டீசல் எங்கள் கணக்கில் பெரியதுக்கு நூறு கிலோமீட்டருக்குப் பதினொரு லிட்டருக்கு மேல், சின்னதுக்கு எட்டுக்குள். கப்பல் கட்டணம் வண்டியின் நீள உயரத்தைப் பார்த்துத்தான் போடுகிறார்கள், அதனால் அங்கேயும் சின்னதுக்கு லாபம். நெடுஞ்சாலையில் வித்தியாசமே தெரியாது. கான்டாப்ரியாவையும் அஸ்தூரியாஸையும் குறுக்கே வெட்டிப் போகும் ஏ-8 சாலை அகலமானது, சுங்கமும் இல்லை.

ஆனால் ஏ-8-ஐ பார்க்கவா போகிறோம்? அதைவிட்டு இறங்கின உடனே விஷயம் மாறிவிடுகிறது. நான் இதில் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரே காரணம், வண்டியை எங்கே நிறுத்துவது என்பதுதான். மற்றதெல்லாம் இதற்குப் பிறகு.

அந்தக் கடலோரம் முழுக்க மலை நேராக வந்து கடலில் இறங்குகிறது. ஊர்கள் எல்லாம் அந்தச் சரிவில் ஒட்டிக்கொண்டு இருக்கின்றன, தெருக்கள் கழுதை போக வெட்டியவை. முதல் பயணத்தில் ஒரு மீன்பிடி ஊரில், வழிகாட்டிச் செயலி சொன்னதை நம்பித் துறைமுகத்துக்கு இறங்கினோம். மோட்டார்ஹோமின் அகலம் 2.3 மீட்டர், இரண்டு பக்கக் கண்ணாடிகள் தனி. தெரு வளைந்த இடத்தில் ஒரு வீட்டு மாடி முகப்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, அதன் கம்பியில் காயப்போட்டிருந்த துண்டு எங்கள் கூரையைத் தடவியது. அதற்கு மேல் போக முடியாது, பின்னால் மூன்று கார். ஏப்ரன் கட்டின ஒரு பாட்டி வீட்டிலிருந்து வந்து, எங்களைத் திட்டவும் இல்லை, சிரிக்கவும் இல்லை, பின்னால் இருந்த கார்களை ஒவ்வொன்றாக ஒதுக்கச் சொல்லிவிட்டு, உள்ளங்கையை ஆட்டி ஆட்டி ‘தாலே, தாலே’ (வா, வா) என்று மேட்டில் இருநூறு மீட்டர் எங்களை ரிவர்ஸில் ஏற்றிவிட்டார். இது அவருக்கு வாரத்தில் எத்தனையாவது வண்டியோ. என் கணவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அன்றைக்கு அந்த ஊரை நாங்கள் பார்க்கவே இல்லை.

அதற்கப்புறம் பயம் பிடித்துக்கொண்டது. லாஸ்ட்ரெஸ் மாதிரி சரிவில் தொங்கும் ஊர் என்றால் மேலே சாலையோரத்திலேயே நிறுத்த இடம் தேடுவோம், கிடைக்காவிட்டால் ‘சரி, அடுத்த ஊர்’ என்று போய்விடுவோம். பன்னிரண்டு நாளில் இப்படி நிற்காமல் தாண்டிய ஊர்களை நான் குறித்து வைத்தேன், ஏழு. ஏழு மதியச் சாப்பாடு என்றும் சொல்லலாம். ஃபோக்ஸ்வாகன் நீளம் 4.9 மீட்டர், உயரம் 1.99. ஒரு பெரிய குடும்பக் காரின் கட்டத்தில் அது நின்றுவிடும். கடற்கரைப் பார்க்கிங் வாசல்களில் உயரத்தைத் தடுக்க இரண்டு மீட்டர் சொச்சத்தில் ஒரு கம்பி குறுக்கே போட்டிருப்பார்கள், மோட்டார்ஹோம் வரக்கூடாது என்பதற்காகவே போட்டது. 2.10 என்று எழுதியிருந்தால் நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நுழைந்துவிடுவோம். கூரை மேல் சைக்கிளோ பெட்டியோ வைத்தால் இந்த வசதி போயிற்று, அதை மறக்கக் கூடாது.

இதன் பலன் எங்கே தெரிந்தது என்றால் ரிபாதேயோ பக்கம் இருக்கும் காத்தெத்ரலேஸ் கடற்கரையில். தேவாலய வளைவுகளைப் போல் பாறையை அலை குடைந்து வைத்திருக்கிறது, கடல் இறங்கியிருக்கும் சில மணி நேரம்தான் கீழே நடக்க முடியும். கோடையிலும் ஈஸ்டர் வாரத்திலும் முன்பதிவும் வேண்டும், இலவசம்தான். கடல் நமக்காகக் காத்திருக்காது என்பதால், அரை மணி நேரம் பார்க்கிங் தேடினால் அரை மணி நேரக் கடற்கரை போய்விடுகிறது. முதல் தடவை அப்படித்தான் போயிற்று, கடைசி வளைவுக்குப் போவதற்குள் முழங்கால் வரை தண்ணீர். இரண்டாவது தடவை வந்தவுடன் நிறுத்திவிட்டு இறங்கினோம்.

சில இடங்களில் இரண்டும் ஒன்றுதான் என்பதையும் சொல்ல வேண்டும். கோவதோங்கா ஏரிகளுக்குக் கோடையில் சொந்த வண்டியையே விடுவதில்லை, கங்காஸ் தெ ஓனிஸ் பக்கம் நிறுத்திவிட்டு பஸ்தான். ஃபுவென்தே தேயில் கேபிள் கார் ஏறும் இடத்தில் பெரிய மைதானம் இருக்கிறது, எதை வேண்டுமானாலும் நிறுத்தலாம், நாலு நிமிடத்தில் 753 மீட்டர் தூக்கிக்கொண்டு போய் 1,823 மீட்டரில் விடுவார்கள். ஆனால் அங்கே போகும் வழி இருக்கிறதே, பானெஸிலிருந்து போத்தெஸ் பக்கம் தேவா ஆற்றோடு போகும் எர்மிதா மலையிடுக்கு, சுமார் இருபது கிலோமீட்டருக்கு இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை. எதிரே சுற்றுலா பஸ் வரும்போது ஏழு மீட்டர் வண்டியை வலது பக்கப் பாறையோரம் ஒட்டுவது எப்படி இருந்தது என்று அவரைத்தான் கேட்க வேண்டும், நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.

இதில் இன்னொன்று ஒளிந்திருக்கிறது. பெரிய வண்டியை நான் ஒரு நாள்கூட ஓட்டவில்லை. உரிமம் இருந்தது, 3.5 டன்னுக்குள்தான், துணிச்சல்தான் இல்லை. அதனால் பன்னிரண்டு நாளும் அவர் ஓட்டுநர், நான் வழி சொல்லித் திட்டு வாங்குபவள். சின்னதில் பாதிக்குப் பாதி ஓட்டினோம், சண்டையும் பாதியானது.

ராத்திரி எங்கே தூங்குவது என்பது தனிக் கதை. ஸ்பெயினில் ‘அபார்கார்’ வேறு, ‘அகாம்பார்’ வேறு. முன்னது வண்டியை நிறுத்துவது, பின்னது முகாம் போடுவது. சக்கரம் மட்டும் தரையில் பட்டு, பந்தல் விரிக்காமல், நாற்காலி மேசை போடாமல், ஒரு சொட்டுத் தண்ணீர் வெளியே விடாமல் நின்றால் அது வெறும் பார்க்கிங், உள்ளே நீங்கள் தூங்கினாலும் சரி என்று அந்நாட்டுப் போக்குவரத்துத் துறையே 2008-இல் ஒரு வழிகாட்டுதலில் சொல்லிவிட்டது, 2023-இல் மறுபடியும் தெளிவாக்கியது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் முகாம் சட்டம் ஒவ்வொரு மாகாணத்துக்கும் ஒரு மாதிரி, அதற்குக் கீழே ஊர் விதிகள், தேசியப் பூங்கா விதி, கடற்கரைச் சட்டம் என்று அடுக்கடுக்காக இருக்கிறது. அஸ்தூரியாஸ் கடலோரத்தில் மோட்டார்ஹோம் படம் போட்டு ராத்திரி கூடாது என்ற பலகைகள் நிறைய. சின்ன வண்டி என்பதால் அது எனக்கு இல்லை என்று வாதாடலாம், நாங்கள் வாதாடவில்லை, அது எங்களையும் சேர்த்துத்தான் என்று எடுத்துக்கொண்டு கேம்ப்சைட்டுக்குப் போனோம். கூரையைத் தூக்குவது முகாமா இல்லையா என்று ஒரு போலீஸ்காரரோடு நடுராத்திரியில் இலக்கணம் பேச எனக்குத் தெம்பில்லை.

தடை இல்லாத ஊர்களில்தான் சுகம். பியாவிசியோசாவில் ஊர் பொதுப் பார்க்கிங்கில் ஒரு கட்டத்தில் நிறுத்திவிட்டு, நடந்து போய் ஒரு சைடர் கடையில் உட்கார்ந்தோம். சைடர் என்றால் ஆப்பிள் சாற்றைப் புளிக்க வைத்த மது. பரிமாறுபவர் புட்டியைத் தலைக்கு மேல் தூக்கி, கோப்பையை இடுப்புக்குக் கீழே சாய்த்துப் பிடித்து, கோப்பையைப் பார்க்காமலே ஊற்றுகிறார், நம் ஊரில் டீ ஆற்றும் கைதான். இரண்டு வாய் அளவுதான் ஊற்றுவார், நுரை அடங்கும் முன் குடித்துவிட வேண்டும். வண்டி எடுக்க வேண்டாம் என்ற நிம்மதியில் ஒரு புட்டி கூடுதலாகப் போனது.

சரி, சின்ன வண்டியின் குறைகள். முதல் குறை மழை. அந்தப் பகுதி அவ்வளவு பச்சையாக இருப்பது சும்மா இல்லை. பாஸ்க் பக்கம் சிரிமிரி என்பார்கள், அஸ்தூரியாஸில் ஓர்பாயு, இரண்டுமே குற்றாலச் சாரல் மாதிரி, நனைகிறோம் என்று தெரியாமலே நனைந்துவிடுவோம். தூக்கு கூரையின் பக்கவாட்டு கேன்வாஸ் துணி. ஈரத்தோடு மடித்து மூடிவிட்டு அன்று மாலை திறக்க மறந்தால் மறுநாள் ஒரு வாடை வரும், நாலு நாள் மறந்தால் கறுப்புப் புள்ளி வரும். எங்கள் துணியில் இடது மூலையில் உள்ளங்கை அளவுக்கு இருக்கிறது, இன்னும் போகவில்லை. தொடர்ந்து மூன்று நாள் மழையில், ஈரச் சட்டைகளும் சாம்பார் ஆவியும் நாங்கள் இருவரும் அந்தப் பெட்டிக்குள் இருந்தபோது, பெரிய வண்டியை நினைத்து நானே பெருமூச்சு விட்டேன். போதாதற்கு காப்ராலெஸ் நீலப் பாலாடைக்கட்டி ஒரு துண்டு வாங்கி ஃபிரிட்ஜில் வைத்தேன். இரண்டு மூடியுள்ள டப்பாவில் போட்டும், காலையில் பாலில் அந்த வாசம், காபியில் அந்த வாசம்.

இரண்டாவது, கழிப்பறை. சீட்டுக்கு அடியில் கையில் தூக்கும் பெட்டி ஒன்று, அவசரத்துக்கு மட்டும். குளிக்க இரண்டு மூன்று ராத்திரிக்கு ஒருமுறை கேம்ப்சைட் வேண்டும், அதற்குப் பணம் போகிறது, டீசலில் மிச்சம் பிடித்ததில் பாதி அங்கே போய்விட்டது. பெரியதிலும் வேலை இல்லாமல் இல்லை. இரண்டு பேருக்கு மூன்று நாளில் கழிவுத்தொட்டி நிறைந்துவிடும், கொட்ட அதற்கென்று அமைத்த இடம் தேடி வழியை மாற்ற வேண்டும். கேஸ் விஷயத்தில் இங்கிலாந்து சிலிண்டரை ஸ்பெயினில் மாற்றித் தரமாட்டார்கள், எங்கள் வண்டியில் நீலநிற கேம்பிங்கேஸ் 907 என்பதால் அங்கேயே இரும்புக் கடையில் மாற்றிக்கொண்டோம்.

இரண்டுக்கும் நடுவே ஆறு மீட்டர் வேன் ஒன்று உண்டு, ஃபியட் டுகாட்டோ சரக்கு வேனின் உடம்பில் கட்டியது, உள்ளேயே சின்னக் கழிப்பறையோடு. நான் ஓட்டியதில்லை, ஒரு கேம்ப்சைட்டில் பக்கத்து வண்டிக்காரர்கள் காட்டியதை ஏறிப் பார்த்ததோடு சரி. அகலம் குறைவு, தெருவில் சமாளிக்கலாம் போலத்தான் இருந்தது, ஆனால் உயரம் இரண்டரை மீட்டருக்கு மேல், வாசல் கம்பியில் மாட்டும். குளிர்காலத்தில் போகிறவர்கள், ஒரு மாதத்துக்கு மேல் தங்குகிறவர்கள், குழந்தையோடு போகிறவர்களுக்கு நான் சொல்வது பொருந்தாமல் போகலாம். நாங்கள் போனது மே மாதமும் செப்டம்பரும், இரண்டே பேர்.

அடுத்த செப்டம்பருக்கு மறுபடி சான்டான்டர் கப்பலுக்குப் பதிவு செய்தாயிற்று. நீளம் கேட்ட கட்டத்தில் 4.9 என்று போட்டேன். உயரம் கேட்ட கட்டத்தில் அவர் இந்த முறை கூரை மேல் சைக்கிள் வைக்கலாம் என்கிறார். அதைக் காலியாக விட்டிருக்கிறேன், இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது.