கொரோலாவோடு ஒன்பது வருடம்: லாத்தா மகன் கேட்ட கேள்விக்குப் பதில்

என் லாத்தா (அக்கா) மகனுக்கு துபாய் அல் கூஸில் வேலை கிடைத்திருக்கிறது. விசா வந்துவிட்டது, அடுத்த மாதம் பயணம். போன வாரம் அஸர் தொழுதுவிட்டு கீழக்கரை ஜெட்டிப் பாலத்தில் காற்றுக்கு உட்கார்ந்திருந்தோம். அப்போது கேட்டான்: "மாமா, அங்கே போய் லைசென்ஸ் எடுத்ததும் உங்க வண்டி மாதிரியே பழைய கொரோலா ஒண்ணு பார்த்து எடுத்துடவா? ரூம் ஷார்ஜாவுல சாச்சா மகன்களோட சொல்லி வச்சிருக்கு."

சட்டென்று ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை. வண்டியைப் பற்றிக் கேட்டால் ஒரு பதில், ஷார்ஜாவிலிருந்து துபாய் போகும் ரோட்டைப் பற்றிக் கேட்டால் வேறு பதில். விசா கேன்சல் செய்து ஊருக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. வண்டியை விற்றுவிட்டேன். அங்கே போகிற நம் ஊர்ப் பிள்ளைகள் பலரும் இதையேதான் கேட்கிறார்கள் என்பதால் எழுதி வைக்கிறேன்.

வண்டி டொயோட்டா கொரோலா, 2014 மாடல், 1.6 லிட்டர் இன்ஜின். அதன் விவரமெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2016இல் 58,000 கிலோமீட்டர் ஓடியிருந்தபோது வாங்கினேன், கொடுக்கும்போது 2,36,000. இன்ஜினில் யாரும் கை வைத்ததில்லை. நேரத்துக்கு ஆயில் மாற்றினேன். அந்த ஊர் வெயிலுக்கு பேட்டரி இரண்டு வருடத்துக்கு மேல் தாங்காது, அதை மாற்றினேன். டயர், பிரேக் பேட், அவ்வளவுதான். வருடா வருடம் முல்கியா, அதாவது வண்டிப் பதிவு அட்டை, புதுப்பிக்க பாஸிங் டெஸ்ட்டுக்குக் கொண்டு போனால் ஒரு முறைகூடத் திருப்பி அனுப்பியதில்லை. 2024 ஏப்ரல் 16 மழையில், அந்த நாட்டுப் பதிவுகளிலேயே இல்லாத மழை அது, குடோனில் கொஞ்சம் மேடான இடத்தில் வண்டியை ஏற்றி விட்டுவிட்டு இரண்டு ராத்திரி அங்கேயே படுத்தேன். மூன்றாம் நாள் சாவியைத் திருப்பினேன், ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆனது. அந்த வண்டியைப் பற்றி ஒரு குறை சொன்னால் எனக்கு ஆகாது.

விற்பதற்கு முன்னால் நானே கழுவி உள்ளே எல்லாம் துடைத்தேன். அப்போதுதான் கவனித்தேன். ஆக்ஸிலரேட்டர் மிதி புதுசு போல இருந்தது, ரப்பரில் உள்ள கோடுகள்கூட அழியவில்லை. பிரேக் மிதிக்கு இரண்டு முறை ரப்பர் மாற்றியிருக்கிறேன். அப்படியும் வலது ஓரம் தேய்ந்து உள்ளே இரும்பு மினுங்கியது. கையில் துணியோடு கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பது வருடம் நான் ஓட்டியது எதை என்று அந்த இரண்டு மிதியும் காட்டின.

ஷார்ஜா அல் நஹ்தாவில் என் ரூம், அல் கூஸில் ஆபீஸ். முப்பது கிலோமீட்டர்கூட வராது. லீவு நாளில் ஃபஜருக்கு அப்புறம் காலி ரோட்டில் போனால் அரை மணிக்குள் போய்விடலாம். வேலை நாளில் 2016இல் ஐம்பது நிமிடம் பிடித்தது. கடைசி இரண்டு வருடம், ஆறு மணிக்கே கிளம்பினாலும் ஒன்றே கால் மணி. சாயங்காலம் திரும்ப ஒன்றரை மணி, வழியில் எங்காவது இரண்டு வண்டி உரசிக்கொண்டால் இரண்டு மணி. ஒன்றரை மணி நேரம் கையில் இருந்தால் இங்கே ஈசிஆரில் ஏர்வாடி, சாயல்குடி எல்லாம் தாண்டி வேம்பார் போய்ச் சேரலாம். அங்கே ஷார்ஜாவையும் துபாயையும் இணைக்கும் இத்திஹாத் ரோட்டில் முன்னால் நிற்கிற லாரியின் நம்பர் பிளேட்டை மனப்பாடம் செய்யலாம்.

ஒதுங்கிப் போகலாம் என்று முஹம்மது பின் சாயித் ரோடு, அதாவது 311, அதில் போய்ப் பார்த்தேன். அங்கே டோல் கேட் கிடையாது. போர்டில் 110 போட்டிருக்கும். காலையில் 20இல் ஊர்ந்தால் அதிர்ஷ்டம். டோல் கட்டாமல் தப்பிக்கிறவர்கள் எல்லாரும் அதில்தான் வருகிறார்கள். தூரமும் கூடுதல், பெட்ரோலும் கூடுதல். நல்ல ஓட்டத்தில் லிட்டருக்கு 15 கொடுக்கிற வண்டி, நெரிசலில் 9தான் கொடுத்தது.

சாலிக், அதாவது துபாய் ரோட்டு டோல், அதன் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் புதிதாகப் போகிறவர்கள் இதை யோசிப்பதே இல்லை. 2007இல் அது வந்தபோது கேட்டுக்கு 4 திர்ஹம். நான் போகும் வழியில் மம்சாரில் ஒரு கேட். துபாய் கிரீக் கழியைத் தாண்ட பிஸினஸ் பே பாலத்தில் போனால் காசு கிடையாது. ஆக, போக வர 8 திர்ஹம். 2024 நவம்பரில் அந்தப் பாலத்திலும் கேட் போட்டார்கள், 16 ஆனது. 2025 ஜனவரி கடைசியில் காலை ஆறிலிருந்து பத்து, மாலை நாலிலிருந்து எட்டு, இந்த நேரத்தில் கேட்டுக்கு 6 என்று மாற்றினார்கள். வேலைக்குப் போகிறவனுக்கு வேறு நேரம் எது? ஒரு நாளைக்கு 24 திர்ஹம். மாதம் 22 நாள் என்றால் 528.

நான் ஷார்ஜாவில் ஏன் இருந்தேன்? வாடகை குறைவு என்று. பெட் ஸ்பேஸுக்கு, அதாவது ரூமில் ஒரு கட்டில் இடத்துக்கு, மாதம் 700 கொடுத்தேன், துபாய் கராமாவில் அதே மாதிரி இடத்துக்கு 1,100 கேட்டார்கள். நானூறு மிச்சம் பிடிக்கப் போய் டோலுக்கு மட்டும் ஐநூற்று இருபத்தெட்டு கொடுத்திருக்கிறேன். பெட்ரோல், இன்ஷூரன்ஸ், ரூம் பக்கத்தில் பார்க்கிங் தேடிச் சுற்றிய நேரம் இதெல்லாம் தனி. இந்தக் கணக்கைக் கடைசி வருடம்தான் பேப்பரில் எழுதிப் பார்த்தேன். முன்னாலேயே பார்த்திருக்க வேண்டும்.

நெரிசல் ஏன் இப்படி ஆனது என்பதில் பெரிய ரகசியம் இல்லை. 2010இல் துபாயில் 19 லட்சம் பேர், 2024 முடிவில் 38 லட்சத்துக்கு மேல். அதற்கு வெளியே ஷார்ஜாவிலும் அஜ்மானிலும் படுத்துவிட்டு விடிந்ததும் துபாய்க்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள், என்னைப் போல. ரோட்டை அகலப்படுத்திக்கொண்டேதான் இருந்தார்கள், அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொரு புதுப் பாலம் திறந்ததும் இரண்டு மூன்று மாதம் சுகமாக இருக்கும். அப்புறம் பழையபடி. 2009இல் ஓட ஆரம்பித்த மெட்ரோ ஷார்ஜா எல்லைக்குப் பக்கத்திலேயே நின்றுவிடுகிறது. 2029இல் திறப்பதாகச் சொல்லும் ப்ளூ லைனும் மிர்திஃப், இன்டர்நேஷனல் சிட்டி பக்கம்தான் போகிறது. அதை நம்பி இப்போது ஷார்ஜாவில் ரூம் எடுக்க வேண்டாம்.

நான் ரொம்பவும் நொந்துபோனது போன ஜூலையில். வண்டி ஓடும்போது ஏசி ஜில்லென்று இருக்கும். நெரிசலில் நின்ற ஐந்தாவது நிமிடம் வெந்நீர் ஆவி மாதிரி காற்று வரும். வெளியே 46 டிகிரி. கண்ணாடியை இறக்கினால் இன்னும் மோசம். ஆபீஸ் போய்ச் சேரும்போது சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும். ஒரு கராஜில் கேஸ் குறைவு என்று நிரப்பிக் காசு வாங்கினார்கள். பத்து நாளில் மறுபடி அதே கதை, மறுபடி கேஸ். கடைசியில் ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஒரு வயதான மலையாளி மெக்கானிக் கிடைத்தார். அவர் கேஸ் அளக்கிற கேஜைக்கூட எடுக்கவில்லை. ஏசியைப் போட்டு வண்டியை நிற்கவிட்டு, பானெட்டைத் திறந்து, ஒரு சாயா குடிக்கிற நேரம் காதைக் கொடுத்துக் கேட்டார். முதலில் ஃபேன் விர்ரென்று சுற்றியது. சூடு ஏற ஏற அதன் சத்தம் இறங்கிக்கொண்டே வந்து, கடைசியில் இறக்கை கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு மெதுவானது. "ஓடும்போது காற்று தானா வருது, நிக்கும்போது இது மட்டும்தான் இருக்கு" என்றார். 2022இல் பின்னால் வந்தவன் இடித்து, நான் முன்னால் நின்ற வண்டியில் இடித்தபோது, முன்பக்கம் சரிசெய்த வேறொரு கராஜில் டூப்ளிகேட் ஃபேன் மோட்டார் மாட்டியிருக்கிறார்கள். வண்டியோடு வந்த பழைய ஃபேன் எட்டு வருடம் ஒழுங்காக ஓடியது. இது மூன்றில் கருகிவிட்டது. ஒரிஜினல் மாட்டியதும் அன்றைக்கே சரியாகிவிட்டது. காலி ரோட்டில் ஓட்டுகிறவனாக இருந்திருந்தால் இந்தக் கோளாறு எனக்குத் தெரிந்தே இருக்காது.

நல்லதும் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை.

எங்கள் ரூமில் ஆறு பேர். ஒருவன் நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்குவான், ஒருவன் சமைப்பான். வீட்டுக்காரியோடு நாலு வார்த்தை மனம்விட்டுப் பேச ஒரு மூலை கிடையாது. அந்த வண்டிதான் எனக்கு என்று இருந்த ஒரே அறை. போனைக் கையில் எடுத்தால் 800 திர்ஹம் ஃபைன், லைசென்ஸில் நாலு கரும்புள்ளி. அதனால் ப்ளூடூத்தில் போட்டுவிடுவேன். வாட்ஸ்அப்பில் அங்கே கால் போகாது, மாதாமாதம் பணம் கட்டி வேறு ஆப் வைத்திருந்தேன். சாயங்காலம் ஆறரைக்கு நான் நெரிசலில் நிற்கும்போது இங்கே எட்டு மணி. உம்மா இரவுச் சாப்பாடு முடித்து உட்கார்ந்திருப்பார்கள். என்ன மீன் வாங்கினார்கள், யார் வீட்டில் கல்யாணம், யார் மவுத்தானார்கள், எல்லாம் வண்டி முழுக்க அவர்கள் குரலில் கேட்கும். உம்மா கடைசிக் காலத்தில் மறதி வந்து, சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். எனக்கு அவசரம் இல்லை, வண்டி நகரவில்லை, முழுவதும் கேட்டேன். அவர்கள் 2023இல் மவுத்தாகிவிட்டார்கள். பக்கத்தில் ரூம் எடுத்து பத்து நிமிடத்தில் வீடு போகிறவனாக இருந்திருந்தால் அவ்வளவு பேசியிருப்பேனா தெரியவில்லை.

நோன்பு மாதத்தில் மஃரிப் பாங்கு சொல்லும்போது பல நாள் ரோட்டில்தான் இருப்பேன். சிக்னலில் தன்னார்வலர்கள் ஓடி ஓடி வந்து கண்ணாடிக்குள் ஒரு பொட்டலம் நீட்டுவார்கள். பேரீச்சம்பழம், தண்ணீர், மோர். எந்த நாட்டுக்காரன், எந்த மதம் என்று பார்ப்பதில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு அல்லாஹ் பரக்கத் செய்யட்டும்.

சரி, மருமகனுக்குப் பதில். எடுக்காதே.

இவ்வளவு புகழ்ந்துவிட்டு எடுக்காதே என்கிறாரே என்று நினைப்பான். வண்டி தங்கம். ஆனால் அந்த ரோட்டில் தினமும் மூன்று மணி நேரம் போய்விடுகிறது. ஒரு வருடத்துக்கு எழுநூறு மணிக்கு மேல். முப்பத்தைந்து வயதில் வண்டியில் ஏறினேன், நாற்பத்து நாலில் இறங்கினேன். வலது முட்டி இன்னும் படியேறும்போது வலிக்கிறது. முதலில் ரூமைப் பார். கராமா, பர் துபாய் பக்கம் மெட்ரோ ரெட் லைன் ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரத்தில், வாடகை கூடப் போனாலும் பரவாயில்லை. அங்கிருந்து மெட்ரோவில் போய் இறங்கினால் அல் கூஸுக்குள் ஃபீடர் பஸ் இருக்கிறது. வெயில் காலத்தில் பஸ் ஸ்டாப் வரை நடப்பது கஷ்டம்தான், அதை மறைக்க மாட்டேன். அப்படியும் நான் அதைத்தான் சொல்வேன். சாச்சா மகன்கள் கோபித்துக்கொண்டால் லீவு நாளில் பிரியாணிக்கு ஷார்ஜா போய் வா.

இவ்வளவு சொல்லியும் எடுத்தே தீருவேன் என்றால், வண்டி பார்க்கப் போகும்போது மத்தியானம் ஒரு மணிக்குப் போ. விற்கிறவன் ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்கள் என்று சாவியை நீட்டுவான். அது அப்புறம். முதலில் வெயிலில் நிறுத்தி, ஏசியை முழுசாகப் போட்டு, அரை மணி நேரம் அப்படியே நிற்கவிடு. பானெட்டைத் திறந்து ஃபேன் சத்தத்தைக் கேள். அரை மணி கழித்து உள்ளே உட்கார்ந்து ஏசிக் காற்று இன்னும் ஜில்லென்று வந்தால், விலை பேசு.