ட்சுபாவில் எந்தப் பூ: செர்ரியா, பிளமா, சாமந்தியா?

ஜப்பானிய வாளின் அலகுக்கும் பிடிக்கும் நடுவே தட்டுப்போல் உட்காரும் கைக்காப்புதான் ட்சுபா. கட்டானா எனும் நீள வாளுக்கு உரியது ஏறத்தாழ 7.5 முதல் 8.5 செ.மீ. இருக்கும், குட்டை வாளுக்கு அதைவிடச் சிறியது. அந்த உள்ளங்கை அகலத்தில் அடிக்கடி கண்ணில் படும் பூக்கள் மூன்று.

முதலில் எல்லாரும் கேட்பது செர்ரி. பூத்துக் குலுங்கும்போதே உதிர்வது, அதனால் சாமுராயின் உயிருக்கு உவமை என்பார்கள். பொய்யில்லை, ஆனால் அந்தப் பொருளை உரக்க ஊதியது 1868-இல் மெய்ஜி பேரரசர் ஆட்சி வந்தபின் உருவான ராணுவம். அதற்கு முந்தைய எடோ காலத்து (1603–1868) ட்சுபாவில் செர்ரி பெரும்பாலும் வசந்தம்தான். ஹிகோ மாகாணத்துக் கைவினைஞர் ஹயாஷி மட்டாஷிச்சி இரும்பில் தங்கம் பதித்த செர்ரியும் கிழிந்த விசிறியும் இந்த வகையின் உச்சம்.

போர்க்களத்துப் பூ என்றால் என் ஓட்டு பிளமுக்கு. 1184-இல் இகுதா காட்டுப் போரில் வீரன் கஜிவாரா ககெசுவே அம்புக்கூட்டில் பிளம் கிளையைச் செருகிக்கொண்டு சண்டையிட்டதாகக் கதை. பனி விலகுமுன் பூப்பதால் பொறுமை. புலவர் சுகவாரா மிச்சிஸானேவுக்குப் பிரியமானது என்பதால் கல்வி. இரண்டையும் ஒரே கிளை சுமக்கிறது.

செர்ரியையும் பிளமையும் குழப்பிக்கொள்ளாதவர் குறைவு. இரண்டுக்கும் ஐந்து இதழ். செர்ரி இதழின் நுனியில் சிறு வெட்டு இருக்கும். பிளம் இதழ் வட்டம். துளைவேலையில், அதாவது தட்டை ஊடுருவி அறுத்த உருவத்தில், அந்த வெட்டு ஒரு மில்லிமீட்டர்கூட இராது. துரு தின்றாலோ, யாராவது அரம் போட்டாலோ செர்ரி பிளமாகிவிடும். அப்போது காம்பைப் பாருங்கள். செர்ரிக்கு நீளக் காம்பு. பிளம் கிளையோடு ஒட்டி உட்காரும், கிளையும் முறுக்கிக்கொண்டு கோணலாகப் போகும். இதழ் நுனி கூராக இருந்தால் இரண்டுமே இல்லை, அது கிக்கியோ மணிப்பூ.

சாமந்தி நீண்ட ஆயுளுக்கு. ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் நாள் அதற்கே திருவிழா. பேரரசர் கோ-டோபா விரும்பிய பூ. 16 இதழைக் கண்டதும் ‘அரண்மனைச் சரக்கு’ என்று விலை ஏற்றுபவரை நம்பவேண்டாம். 16 இதழ் இரட்டைச் சாமந்தி பேரரசருக்கென்று வரையறுக்கப்பட்டது 1869-இல். அதற்கு முன் பலரும் செதுக்கினார்கள்.

போலியைப் பிடிக்கப் பூவைவிட அறுத்த துளையைப் பாருங்கள். வார்ப்பு நகலில் துளையின் உட்சுவரில் மெல்லிய ஒட்டுக்கோடோ காற்றுக் குமிழோ தெரியும். கையால் அறுத்ததில் அரத்தின் தடம் இருக்கும். வாளில் மாட்டிய ட்சுபாவென்றால் நடுத்துளையைச் சுற்றி உளித்தடமோ செம்புத் துண்டோ இருப்பது வழக்கம்.

பராமரிப்பில் இரும்புச் செர்ரி பொறுத்துப்போகும்: கம்பி பிரஷ், துரு நீக்கி திரவம் எதுவும் கூடாது, மான்கொம்புத் துண்டால் துருவை மெல்லச் சுரண்டி, பருத்தித் துணியால் தேய்த்தால் போதும். பிளமின் வெள்ளிப் பூ கறுக்கும், விட்டுவிடுங்கள். பாலிஷ் போட்டால் மகரந்தக் கோடுகள் முதலில் போகும். ஷகுடோவில் செதுக்கிய சாமந்திதான் ஆபத்தானது. ஷகுடோ என்பது செம்பில் சில சதவீதம் தங்கம் கலந்து, கரைசலில் கொதிக்கவைத்துக் காக்கைச் சிறகின் நிறம் ஏற்றியது. பின்புலத்தில் மீன்சினை போன்ற பொடிமணிகளை ஒவ்வொன்றாகக் குழி உளியால் அடித்திருப்பார்கள். ஒருமுறை அழுத்தித் துடைத்தால் மணிகளின் உச்சியில் செம்பு எட்டிப்பார்க்கும். மறுபடி நிறம் ஏற்ற முழுத் தட்டையும் கரைசலில் இறக்கவேண்டும்.