தீர்ப்பைத் தேட நூலக அலமாரியா, இணையத் தொகுப்பா?

தர்மபுரி அரசு சட்டக் கல்லூரியில் படிக்கும் ஒருவர் முன்தீர்ப்பை, அதாவது பிந்தைய வழக்குகளுக்கு வழிகாட்டும் பழைய தீர்ப்பை, தேட இரண்டு வழிகள் உள்ளன: நூலகத்திலுள்ள அச்சுத் தொகுதிகள், உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் தொடங்கிய இ-எஸ்சிஆர் என்னும் கட்டணமில்லா இணையத் தொகுப்பு.

வேகத்தில் இணையமே மேல். அரூரிலிருந்தோ பென்னாகரத்திலிருந்தோ பேருந்தில் வந்து போகும் மாணவருக்கு, நூலகம் மூடிய பின்னும் கைப்பேசியில் திறக்கும் தொகுப்பு பேருதவி. பல தீர்ப்புகளின் தமிழாக்கத்தையும் உச்ச நீதிமன்றம் வெளியிடுகிறது. அவை புரிந்துகொள்வதற்கே, மேற்கோளுக்கு ஆங்கில மூலமே வேண்டும்.

ஆனால் சரியான தேடுசொல் தெரியாதவருக்கு இணையம் பயன்படுவதில்லை. அச்சுத் தொகுதியின் பொருளகராதியைப் புரட்டும்போதோ, தேடி வராத தீர்ப்பும் கண்ணில் பட்டு, சட்டத்தின் கிளைகள் ஒன்றோடொன்று எப்படித் தொடர்புடையவை என்பது விளங்கத் தொடங்குகிறது. ஆகவே முதலாண்டு மாணவர் நூலகத்திலிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அச்சு நூலில் ஓர் எச்சரிக்கை தேவை. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருப்பதால், கொலைக்கான தண்டனை பழைய சட்டத்தின் 302-ஆம் பிரிவிலிருந்து புதிய சட்டத்தின் 103-க்கு மாறிவிட்டது. பழைய விளக்கவுரைகள் இதைச் சொல்லா. எனினும் பழைய தீர்ப்புகள் 302 என்ற எண்ணிலேயே இருப்பதால், இணையத்தில் இரண்டு எண்களையும் இட்டுத் தேட வேண்டும்.