சாயத்துக்கு அடியில் துரு: பழைய காரைப் பட்டறையில் விடுவோருக்கு ஓர் எச்சரிக்கை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பழைய கார் ஒன்றைப் புதுப்பிக்க எண்ணிப் பட்டறை தேடிக்கொண்டிருப்பவர்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். என் தந்தையாரின் மோரிஸ் மைனரைப் பதினான்கு மாதங்கள் ஒரு பட்டறையில் விட்டு, 12,800 வெள்ளி (ரிங்கிட்) செலவழித்து, கடைசியில் சாயத்துக்கு அடியில் துருவேறிய தகடுகளும் எந்தக் காரிலிருந்தோ கழற்றிய இயந்திரமும் கொண்ட ஒரு வண்டியைத் திரும்பப் பெற்றேன். பட்டறையின் பெயரை இங்கே எழுதவில்லை. நடந்த விதத்தைத் தெரிந்துகொண்டால், வேறு எந்தப் பட்டறையில் அது தொடங்கினாலும் நீங்கள் கண்டுகொள்ளலாம்.

என் தந்தையார் இங்குள்ள ரப்பர் தோட்டம் ஒன்றில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தவர். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டுக்கொண்டிருந்த அறுபதுகளில், ஊர் திரும்பிய சின்னத்துரை (தோட்டத்துத் துணை நிர்வாகி) ஒருவரிடமிருந்து 1964இல் இந்தக் காரை வாங்கினார். அது 1960ஆம் ஆண்டின் மைனர் 1000 வகை. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் லண்டன் கண்காட்சியில் அறிமுகமான மைனருக்கு, 1956இல் முன்பக்கம் ஒரே கண்ணாடியும் 948 சிசி இயந்திரமும் வந்தன. எங்களுடையது அந்த வரிசையைச் சேர்ந்தது. இந்தக் காருக்கு, லோரிக்கு இருப்பது போலத் தனியான அடிச்சட்டம் கிடையாது. தரைத்தகடு, கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டித்தகடு, நடுவில் போகும் குறுக்குச் சட்டம் ஆகியவை ஒன்றோடொன்று பற்றவைக்கப்பட்டு, அந்த உடலே எல்லாப் பாரத்தையும் தாங்குகிறது. ஆகவே இதில் துரு என்பது அழகுக் குறை அன்று. வண்டியின் எலும்பு கரைவதாகும். நான் ஏமாற்றப்பட்டதன் முழுக் கனமும் இந்த ஒரு செய்தியில்தான் இருக்கிறது.

தந்தையார் மறைந்த பிறகு கார் பல ஆண்டுகள் கொட்டகையிலேயே நின்றது. ஆசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்றதும் நானும் என் தம்பியும் அதை வீட்டிலேயே பிரித்தோம். கார்புரேட்டரைக் கழுவினோம், பெட்ரோல் பம்பைச் சரிசெய்தோம், பிரேக் டிரம்களைக் கழற்றிச் சுத்தம் செய்தோம். இந்த வண்டியின் பெரும்பாலான வேலைகளைப் பொறுமையுள்ள எவரும் வீட்டில் செய்துவிட முடியும் என்று இன்றும் நம்புகிறேன். எங்களால் இயலாதவை இரண்டுதான்: உடல் தகடுகளை வெட்டிப் புதிதாகப் பற்றவைப்பதும், இயந்திரத்தின் சிலிண்டர்களைக் கடைந்து பெரிதாக்குவதும். அந்த இரண்டுக்காகவே 2022 மார்ச் மாதத்தில் பட்டறைக்குப் போனோம்.

அறிமுகப்படுத்தியவர் நெருங்கிய நண்பர். பட்டறை முதலாளி நம்மவர். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "சார், நீங்க கவலையே படாதீங்க. இனிமே இது எங்கப்பா வண்டி மாதிரி" என்றார். மூன்று மாதம், 9,500 வெள்ளி என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார். அதில் "உடல் வேலை, இயந்திர வேலை, சாயம்" என்ற மூன்று சொற்களுக்கு மேல் எதுவும் இல்லை. எந்தத் தகடு மாற்றப்படும், எத்தனை அங்குலம் வெட்டப்படும், கழற்றிய பழைய பாகங்கள் யாருக்குச் சொந்தம் என்று நான் கேட்கவில்லை. 4,000 வெள்ளி முன்பணம் கொடுத்து ரசீது வாங்கினேன். மூன்றாம் மாதத்தில் 3,000 கொடுத்தேன். அதற்கும் ரசீது உண்டு. அதன் பிறகு தகடு விலை ஏறிவிட்டது, கடைசல் பட்டறைக்குக் கட்ட வேண்டும், சாயக்காரன் காத்திருக்கிறான் என்று மூன்று முறை அழைப்பு வந்தது. மூன்று முறையும் ரொக்கமாக, ரசீது இன்றி, மொத்தம் 5,800 வெள்ளி கொடுத்தேன். காரை அவர் வைத்திருந்தார், பணத்தையும் அவரே வைத்திருந்தார். மறுத்தால் வேலை நின்றுவிடும் என்ற அச்சம் எனக்கு இருந்தது. அது அவருக்கும் தெரிந்திருந்தது.

இடையிடையே புலனத்தில் (வாட்ஸ்அப்) படங்கள் வரும். வெட்டிய தகடு, பளபளக்கும் புதுத் தகடு, தீப்பொறி பறக்கும் பற்றவைப்பு ஆகியவற்றைக் கண்டு நானும் மகிழ்ந்தேன். ஒரு படத்தில் மட்டும் ஏதோ உறுத்தியது. என்னவென்று அப்போது புரியவில்லை. வண்டி திரும்பிய பிறகுதான் புரிந்தது. 1960ஆம் ஆண்டு மைனரின் இரு கதவுத் தூண்களிலும், திரும்பும் திசையைக் காட்ட வெளியே எழும்பும் கைகாட்டிகளுக்காக ஒரு நீள்துளை உண்டு. 1961இல் அவற்றுக்குப் பதிலாக மின்னும் விளக்குகள் வந்துவிட்டன. படத்திலிருந்த தூணில் துளையே இல்லை. அது என் கார் அன்று. வேறொருவருடைய காரின் படத்தை எனக்கு அனுப்பி, என் பணத்தைக் கேட்டிருக்கிறார்கள்.

2023 மே மாதத்தில் இழுவை லோரியில் வண்டி வந்து இறங்கியது. சாயம் கண்ணாடி போல இருந்தது. அக்கம்பக்கத்தார் வந்து பார்த்துப் பாராட்டினார்கள். மூன்று வாரம் நானும் அந்த மினுக்கத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

நான்காம் வாரம் லிந்தாங் சாலையில், செம்பனை ஏற்றிய லோரி ஒன்றுக்குப் பின்னால் வேகத்தைக் குறைத்தபோது பிரேக் மிதி தரை வரை இறங்கியது. கைப்பிரேக்கை இழுத்து, கியரைக் குறைத்து, சாலையோரப் புல்லில் வண்டியை நிறுத்தினேன். என் பேத்தி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இந்தக் காரில் பிரேக் எண்ணெய்த் தொட்டியும் மாஸ்டர் சிலிண்டரும் போனட்டுக்குள் இல்லை. ஓட்டுநரின் காலடியில், தரைத்தகட்டுக்குக் கீழே இருக்கின்றன. விரிப்பைத் தூக்கி, ஒரு சிறு மூடியைத் திறந்துதான் எண்ணெய் அளவைப் பார்க்க வேண்டும். வீட்டுக்கு இழுத்து வந்து விரிப்பைத் தூக்கினால், அந்த மூடி இருந்த இடத்தில் ஒரு தகட்டை வைத்துச் சுற்றிலும் பற்றவைத்து, மேலே கறுப்புப் பூச்சு பூசியிருந்தார்கள். அடியில் எண்ணெய் கசிந்து வற்றிக்கொண்டிருந்ததைக் காண வழியே இல்லாமல் அடைத்துவிட்டார்கள். மைனரின் அமைப்பை ஒரு முறையாவது அறிந்த போமன் (கார் மெக்கானிக்) இதைச் செய்யமாட்டார்.

அன்று மாலை சக்கரத்தைக் கழற்ற ஜாக்கியை வைத்தோம். மைனரில் ஜாக்கி பொருந்தும் இடம் குறுக்குச் சட்டத்தின் முனை. நல்ல வண்டியானால் அந்த ஒரே புள்ளியில் ஒரு பக்கம் முழுவதும் எழும்பும். எங்கள் வண்டி எழும்பவில்லை. ஜாக்கிதான் உள்ளே போனது. தம்பி, "அண்ணே, நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று கத்தினான். டார்ச் அடித்துப் பார்த்தபோது உள்ளே இருந்தது பழைய துருத்தகடு. அதன்மேல் கண்ணாடி இழைத் துணியும், விரல் பருமனுக்குப் புட்டி என்னும் நிரப்புப் பசையும், எல்லாவற்றுக்கும் மேல் அந்த அழகான சாயமும் இருந்தன. பிறகு குளிர்பெட்டியில் ஒட்டும் சாதாரணக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, இரு பக்கப் பெட்டித்தகடுகளிலும் நகர்த்தினேன். நான்கு அடி நீளத்தில் காந்தம் பிடித்த இடங்களைக் கைவிரல்களுக்குள் எண்ணிவிடலாம். முன்சக்கர மூட்டுகளுக்குக் கிரீஸ் ஊட்டும் முனைகள்கூடச் சாயத்தால் அடைபட்டிருந்தன. இந்தக் காரில் கீழ்மூட்டு கிரீஸின்றித் தேய்ந்து கழன்றால் முன்சக்கரம் ஓடும்போதே மடங்கிச் சாய்ந்துவிடும்.

இயந்திரத்தைப் பற்றி அப்போதும் எனக்குச் சந்தேகம் எழவில்லை. தண்ணீர் கசிகிறதே என்று சிலிண்டர் மேல்மூடியைத் திறந்தபோதுதான், இயந்திரத்தின் பக்கவாட்டில் எண் பொறித்த சிறு தகடு இருந்த இடத்தில் வெறும் ஆணித்துளைகளே இருப்பதைக் கண்டேன். 948 சிசி இயந்திரத்தின் சிலிண்டர் விட்டம் 62.9 மில்லிமீட்டர், பின்னாளில் வந்த 1098 சிசியின் விட்டம் 64.58. ஆனால் கடைந்து பெரிதாக்கிய சிலிண்டரில் விட்டத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம் வேறு. அதைத் தீர்மானிப்பது கிராங்க் தண்டு. கடைசல் எதுவும் அதை மாற்றாது. 948இல் அந்தத் தூரம் 76.2 மில்லிமீட்டர், 1098இல் 83.7. நான் அளந்தபோது ஏறக்குறைய 84 வந்தது. மூன்று முறை அளந்தேன். என் தந்தையார் முப்பது ஆண்டுகள் ஓட்டிய இயந்திரம் அங்கே இல்லை.

இதனால் சாலை வரி 20 வெள்ளியிலிருந்து 55 வெள்ளியாவது பெரிதன்று. கிரானில் (வாகனப் பதிவுச் சான்றில்) எழுதியிருக்கும் இயந்திர எண் வண்டியில் இல்லை என்பதே பெரிது. இயந்திரத்தை மாற்றுவதற்குச் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி வேண்டும். நாளை வண்டியை வேறு பெயருக்கு மாற்ற நினைத்தால், வாகனச் சோதனையில் இயந்திர எண்ணையும் உடல் எண்ணையும் பார்ப்பார்கள். ஒன்றும் அறியாத நானே அந்த முரண்பாட்டுக்குப் பதில் சொல்ல வேண்டிய நிலையில் நிற்கிறேன். இயந்திரத்துக்காகப் போலீசில் புகார் செய்தேன். பழைய கார் வைத்திருப்போர் இந்த ஒரு படியைக் கூச்சத்தால் தவிர்த்துவிடக் கூடாது.

பட்டறை முதலாளியிடம் நேரில் போய்க் கேட்டேன். "நீங்க கொண்டுவந்த எஞ்சின்தான் சார் இது. வேற என்ன இருக்கு?" என்றார். அந்த இடத்தில் நான் வாயடைத்துப் போனேன், ஏனெனில் வண்டியை ஒப்படைத்த நாளில் இயந்திர எண்ணை நான் படம் எடுத்திருக்கவில்லை. கிரானில் எண் இருந்தது. ஆனால் அந்த எண்ணுள்ள இயந்திரம்தான் அன்று வண்டிக்குள் இருந்தது என்பதற்கு என்னிடம் சான்று இல்லை.

பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனு செய்தேன். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அங்கே கொண்டுபோகலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளி. வழக்கறிஞர் தேவையில்லை, அனுமதியும் இல்லை. நடந்ததிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் போக வேண்டும். துருத்தகட்டின் படங்களையும், வெட்டியெடுத்த ஒரு துண்டையும், இரண்டு ரசீதுகளையும் கொண்டுபோனேன். புட்டிக்கு அடியில் இருந்ததை மேசைமேல் வைத்தபோது அவரால் மறுக்க முடியவில்லை. 5,500 வெள்ளி திருப்பித் தரும்படி உத்தரவானது. பதினான்கு நாட்களுக்குள் பணம் வந்தது. ரசீதில்லாத 5,800 வெள்ளியை, தான் வாங்கவே இல்லை என்று அவர் சொன்னார். அது போனது போனதுதான். இயந்திரத்தைப் பற்றி மன்றத்தால் ஒன்றும் செய்ய இயலவில்லை.

ஆகவே உங்களைக் கேட்டுக்கொள்வது இதுதான். வண்டியை விடும் நாளில் இயந்திர எண், உடல் எண், கழற்றக்கூடிய ஒவ்வொரு பாகம் ஆகியவற்றைப் பட்டறைக்காரரின் கண்முன்னே படம் எடுத்து, எண்களை ரசீதிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நேர்மையான போமன் இதற்குக் கோபித்துக்கொள்ளமாட்டார். கோபித்துக்கொண்டால் அங்கேயே வண்டியைத் திருப்பிவிடுங்கள். பணத்தை மாதக் கணக்கில் கொடுக்காமல், முடிந்த வேலைக்கு மட்டும் கொடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, புதுத்தகடு பற்றவைத்த பிறகும் சாயம் பூசுவதற்கு முன்பும் வண்டியை வெறும் இரும்பாக நீங்களே நேரில் போய்க் குனிந்து பாருங்கள். கைப்பேசிப் படத்தை நம்பாதீர்கள். அந்த நிலையில் பார்க்க விடாத பட்டறைக்குச் சாயத்துக்கான பணத்தைக் கொடுக்காதீர்கள். பழைய பாகங்கள் அனைத்தும் எனக்கே திரும்ப வேண்டும் என்று முதல் நாளே எழுதி வாங்குங்கள். 948 சிசி இயந்திரம் இன்று எளிதில் கிடைப்பதில்லை என்பதை நம்மைவிடப் பட்டறைக்காரர்கள் நன்றாக அறிவார்கள்.

இப்போது வண்டி மீண்டும் எங்கள் கொட்டகையில் இருக்கிறது. தோட்டத்து ரப்பர் ஆலையில் நாற்பது ஆண்டுகள் பற்றவைப்பு வேலை செய்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், சனிக்கிழமைதோறும் வந்து, புட்டியையெல்லாம் சுரண்டி, குறுக்குச் சட்டத்தையும் இடப்பக்கப் பெட்டித்தகட்டையும் புதிதாக அமைத்துத் தந்திருக்கிறார். வலப்பக்கம் பாதி முடிந்திருக்கிறது. பிரேக் எண்ணெய் மூடியை நானே வெட்டித் திறந்தேன். வெளிச்சாயத்தைப் பற்றி இப்போது யாரும் பேசுவதில்லை.

ஒரு வேண்டுகோள். பேராக்கில் யாரிடமாவது பழைய 948 சிசி மோரிஸ் இயந்திரம் ஒன்று விலைக்கு வந்தால், டைனமோவைக் கழற்றி அதற்குப் பின்னால் இருக்கும் இரும்பைத் துடைத்துப் பாருங்கள். என் தந்தையார் முதன்முதலில் அதைத் தாமே பிரித்துப் பூட்டிய நாளில், அந்த இடத்தில் உளியால் "1967 தைப்பூசம்" என்று தமிழில் பொறித்திருந்தார்.